பெரியப்பா பெயரில் இன்னும் வரும் கரண்ட் பில்: யார் கட்டுவது?

கேள்வி: என் பெரியப்பா நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். பெரியம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டை எனக்கும் அண்ணனுக்குமாக எழுதி, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுகிறது. அப்படியிருந்தும் போன வாரம் 850 யூனிட்டுக்கு ஒரு மின் கட்டண பில் வந்தது. பெரியப்பா இறப்பதற்கு 40 நாள் முன்பு ஆள் வந்து எடுத்த ரீடிங் 18,460. இந்த பில்லில் 19,310 என்று இருக்கிறது. நேற்று நானே போய் மீட்டரைப் பார்த்தேன், 18,742தான் காட்டுகிறது. போன் செய்தால், 'முதலில் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அப்புறம் பேசலாம்' என்கிறார்கள். குழாய் வழி கேஸ் பில்லும் பாக்கி இருக்கிறது. இதற்கு முந்தைய மின் பில்லை அண்ணன், பெரியப்பாவின் ஏடிஎம் கார்டை வைத்துக் கட்டிவிட்டார். பெரியப்பா கடன் வைத்துவிட்டுப் போனார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் முழுத் தொகையையும் நானே கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது போடாதீர்கள். 850 யூனிட் பில்லையும் கட்டாதீர்கள். இந்த இரண்டையும் நிறுத்தி வைத்தால் மற்றதையெல்லாம் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். இறந்தவர்களின் கணக்கு வழக்குகளை முடித்துத் தரும் வக்கீல் வேலையில் நான் பெரும்பாலும் பார்ப்பது உங்களைப் போன்றவர்களைத்தான். மரியாதையாக முடித்துவிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், கட்ட வேண்டியதில்லாததைக் கட்டிவிடுகிறார்கள்.

உங்கள் மனதை உறுத்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்று. பில் வருவதற்குள் ஒருவர் இறந்துவிட்டால், அந்த இடைப்பட்ட நாட்களின் கட்டணம் பாக்கியாகத்தான் நிற்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒழுங்காகக் கட்டி வந்தவருடைய கடைசி பில்லைக் கடன் என்று யாரும் பேச மாட்டார்கள். பேசினாலும், அதற்காக நீங்கள் அவர் செலவழிக்காத மின்சாரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இனி பில்லுக்கு வருவோம். இதில் உங்களுக்குப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. நீங்கள் போய் மீட்டரைப் பார்த்துவிட்டீர்கள். பில்லில் இருக்கும் எண்ணைவிட இன்றைய மீட்டர் எண் குறைவு. மீட்டர் பின்னால் ஓடாது. ஆக, 19,310 என்பது யாரும் பார்த்து எழுதிய ரீடிங் அல்ல, உத்தேசமாகப் போட்டது. கேட் பூட்டியிருந்தால் ரீடிங் எடுப்பவர் உள்ளே போக முடியாது. அப்போது முந்தைய பில்களின் சராசரியையோ, போன வருஷம் இதே மாதங்களின் செலவையோ வைத்து ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் பெரியப்பா வீட்டில் இருந்தார், சமைத்தார், தண்ணீர் காய்ச்சினார், விசிறி ஓடியது. அந்தக் கணக்கு பூட்டிய வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்? பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் இது நேரில் எடுத்ததா, உத்தேசமா என்று ஒரு சின்னக் குறியோ சொல்லோ இருக்கும். அதைத் தேடி வட்டமிட்டு வையுங்கள்.

மறுபடி ஒரு முறை வீட்டுக்குப் போய் மீட்டரைப் போட்டோ எடுங்கள். எண் மட்டும் தெரிந்தால் போதாது. மீட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் வரிசை எண்ணும் அதே படத்தில் விழ வேண்டும். அந்த எண் பில்லில் உள்ள மீட்டர் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், சில சமயம் பக்கத்து வீட்டு மீட்டரின் கணக்கே வந்துகொண்டிருக்கும். டிஜிட்டல் மீட்டராக இருந்தால் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று மாறி மாறி வரும். கிலோவாட் மணி என்ற அலகோடு வரும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு எண் காட்டும் மீட்டர் என்றால் இரண்டையும் எடுங்கள். பழைய சக்கர மீட்டரில் கடைசியில் சிவப்பாக இருக்கும் இலக்கம் பின்னம், அதைச் சேர்த்துப் படித்தால் செலவு பத்து மடங்காகத் தெரியும்.

இறந்த அன்று ரீடிங் எடுத்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். அன்று யாருக்கும் அது தோன்றாது, தோன்ற வேண்டியதும் இல்லை. இப்போதும் அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டில் எதையும் மாற்றாமல், ஃப்ரிட்ஜ் ஓடுவது ஓடட்டும் என்று விட்டு, சரியாக ஏழு நாள் கழித்து இன்னொரு ரீடிங் எடுங்கள். ஏழு யூனிட் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டிய வீட்டின் செலவு நாளுக்கு ஒரு யூனிட். நான்கு மாதத்துக்கு, அதாவது 120 நாளுக்கு, 120 யூனிட். ஆள் எடுத்த ரீடிங்குக்கும் நீங்கள் பார்த்ததற்கும் வித்தியாசம் 282. அதில் 120 போனால் மீதி 162. அது பெரியப்பா இருந்த 40 நாளின் செலவு, நாளுக்கு நான்கு யூனிட் சொச்சம். இதைப் பழைய பில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஒத்துவந்தால் உங்கள் கணக்கு சரி. துக்கத்துக்கு வந்தவர்கள் சில நாள் அங்கே தங்கியிருந்தால் அந்த நாட்களுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நிறுவனம் ஏற்கக்கூடிய நியாயமான பிரிவு இதுதான். அவர்களிடம் இதைவிட நல்ல கணக்கு இருந்தால் காட்டட்டும். ஸ்மார்ட் மீட்டராக இருந்தால் தினசரிச் செலவே அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கினால் இந்தக் கணக்கே தேவையில்லை.

ஏழு நாள் கழித்து வித்தியாசம் நாளுக்கு ஒரு யூனிட்டைவிட நிறைய வந்தால், ஃப்ரிட்ஜைத் தவிர வேறு ஏதோ ஓடுகிறது. தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரைப் பாருங்கள். சேமித்து வைக்கும் டாங்க் உள்ள ஹீட்டர், ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்காவிட்டாலும் ஆறுவதும் சூடாவதுமாக நாள் முழுக்க மின்சாரம் குடிக்கும். வைஃபை ரூட்டர், டிவி பெட்டி போன்றவை தனித்தனியே சின்னவைதான். பத்து வாட் ரூட்டர் ஒன்று மாதத்துக்கு ஏழு யூனிட் எடுக்கும், அவ்வளவே.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், இறப்புத் தேதியின் இரண்டு பக்கமும் பொறுப்பு வேறு வேறு. அந்தத் தேதி வரை ஆனது பெரியப்பாவின் பாக்கி. அவர் விட்டுச் சென்ற பணத்திலிருந்து, வாரிசுகளுக்குப் பங்கு பிரிப்பதற்கு முன்னால், அது கட்டப்பட வேண்டும். அதற்குப் பின் ஆனது வீட்டைக் காப்பாற்றி வைக்கும் செலவு. அதுவும் அவர் சொத்திலிருந்துதான் போகும், ஆனால் நிர்வாகச் செலவாக வேறு தலைப்பில். யாராவது அங்கே குடியேறினால் அன்று முதல் ஆகும் கட்டணம் அவர்களுடையது. அண்ணன் குடும்பம் நடுவில் போய்த் தங்கும் யோசனை இருந்தால், போகும் நாளின் ரீடிங்கை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கைக்குள் இதெல்லாமா என்று தோன்றும். பின்னாளில் பேச்சு வராமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்த விஷயத்தில் சட்டம் இரண்டு விதமாகப் போகிறது. இந்தியா, பிரிட்டன் போன்ற இடங்களில் இறந்தவர் கடனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்தே பொறுப்பு, அதற்கு மேல் வாரிசின் சொந்தப் பையில் கை வைக்க முடியாது. ஜெர்மனியில் வாரிசு ஆகிறவர் கடனையும் சேர்த்தே ஏற்கிறார். வேண்டாம் என்றால், வாரிசாகிவிட்ட விவரம் தெரிந்ததிலிருந்து பொதுவாக 6 வாரத்துக்குள் முறைப்படி மறுக்க வேண்டும். இந்த மாதிரிச் சட்டம் உள்ள நாடுகளில், சொத்தை உங்களுடையதாகவே நடத்தும் செயல்கள், வாரிசுரிமையை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படலாம். பெரியப்பாவுக்கு வேறு பெரிய கடன்கள் இருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும், எதிலும் கையெழுத்திடும் முன் உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

பெயர் மாற்றப் படிவத்தை நான் தடுப்பதும் இதையொட்டித்தான். அந்தப் படிவத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில், 'இந்த இணைப்பில் உள்ள நிலுவை அனைத்துக்கும் நான் பொறுப்பேற்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி பல இடங்களில் இருக்கும். கையெழுத்திட்ட மறு நிமிடம் அந்த 850 யூனிட் உங்கள் சொந்தப் பாக்கி ஆகிவிடும். அப்புறம் பேசலாம் என்று போனில் சொன்னவரிடம் அப்புறம் பேச எதுவும் இருக்காது. பில்லைத் திருத்தி, இறந்த தேதி வரைக்குமான கணக்கை முடித்த பிறகு, வீடு சட்டப்படி உங்கள் இருவர் பெயருக்கு வரும்போது பெயர் மாற்றம் செய்யுங்கள். அப்போது அது அவசியமும்கூட.

ஆனால் ஒன்று. 'சொந்தப் பொறுப்பு இல்லை' என்பதை 'கட்டாமலே விட்டுவிடலாம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டை வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால் நியாயமான பாக்கி எப்படியும் வந்து நிற்கும். ஒரு கட்டடத்தின் பழைய உரிமையாளர் வைத்த பாக்கியைத் தீர்த்தால்தான் புதியவருக்கு மின் இணைப்பு என்று விதி வைக்க விநியோக நிறுவனத்துக்கு உரிமை உண்டு என 2023-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சண்டை தொகையைப் பற்றி இருக்கட்டும், கட்டுவதா வேண்டாமா என்பதைப் பற்றி வேண்டாம்.

போனை விட்டுவிட்டு எழுத்தில் பேசுங்கள். கடிதமோ மின்னஞ்சலோ, இப்படி எழுதினால் போதும்:

'மேற்கண்ட எண்ணுள்ள இணைப்பின் வாடிக்கையாளர் இந்தத் தேதியில் காலமானார். இறப்புச் சான்றிதழின் நகல் இணைத்துள்ளேன். அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் உள்ளவர் என்ற முறையில் மட்டும் எழுதுகிறேன். இந்தக் கணக்கின் நிலுவைக்கு நான் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்கவில்லை. தங்கள் கடைசி பில்லில் ரீடிங் 19,310 என்று உள்ளது. மீட்டர் காட்டுவது 18,742. தேதியுடன் கூடிய படம் இணைத்துள்ளேன். அந்த பில்லை ரத்து செய்து, இறந்த தேதி வரை ஒரு பில்லும் அதற்குப் பின் தனி பில்லும் தாருங்கள். திருத்தம் முடியும் வரை துண்டிப்பு, தாமத அபராதம், வசூல் நடவடிக்கை எதையும் நிறுத்தி வையுங்கள். இனி கடிதங்களைக் கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்புங்கள்.'

உங்கள் ஊரில் யூனிட் கூடக்கூட விலை ஏறும் அடுக்குக் கட்டணம் என்றால் இன்னொரு வரி சேருங்கள்: 'திருத்திய யூனிட்டுகளை அந்தந்த பில் காலத்துக்குப் பிரித்துக் கணக்கிடவும்.' ஐந்து மாத யூனிட்டை ஒரே பில்லில் குவித்தால் மேல் அடுக்கின் விலை விழுந்துவிடும். யூனிட் சரியாக இருந்தும் தொகை தவறாக வருவது இங்கேதான். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சியும் ஒரு புகார் எண்ணும் வாங்குங்கள். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, அதற்கு மேல் மின்சார ஒழுங்குமுறை அமைப்பு அல்லது குறைதீர்ப்பாளர் என்று படி ஏறலாம். பழைய காலத்துப் பாக்கி என்று திடீரென ஒன்றை நீட்டினால் எந்த மாதத்தினுடையது என்று கேளுங்கள். பிரிட்டனில், நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்ட மின்சாரத்துக்கும் கேஸுக்கும் 12 மாதத்துக்கு முந்தையதை வசூலிக்கக் கூடாது என்று 2018 முதல் விதி உள்ளது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு வரம்பு உண்டா என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் பில்லுக்கும் இதே வழிதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேஸ் மீட்டர் காட்டுவது கன அளவு. சில நாடுகளில் பில் கிலோவாட் மணியில் வரும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. அந்த விகிதத்தில் பில் இருக்கிறதா என்று பெருக்கிப் பாருங்கள். பழைய மீட்டர்கள் சில கன அடியில் ஓடும், அதைக் கன மீட்டர் என்று கணக்கில் ஏற்றிவிட்டால் எல்லாமே தப்பாகிவிடும். அடுப்பு எரியாத வீட்டில் கேஸ் ரீடிங் நான்கு மாதமும் அசைந்திருக்கவே கூடாது. அசைந்திருந்தால் பில்லைப் பற்றி யோசிப்பதற்கு முன் கசிவு இருக்கிறதா என்று அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள், உள்ளே போய் ஸ்விட்ச் எதையும் போடாதீர்கள்.

அண்ணன் ஏடிஎம் கார்டைப் பயன்படுத்தியது பற்றி. நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனாலும் இனி வேண்டாம். ஒருவர் இறந்ததும் அவர் கார்டு, பாஸ்வேர்டு, போனுக்கு வரும் ஓடிபி எதையும் பணம் எடுக்கவோ கட்டவோ யாரும் பயன்படுத்தக் கூடாது. நாளைக்கு வேறொரு உறவினர் கேள்வி கேட்டால், பில் கட்டினோம் என்பது காரணமாகுமே தவிர அனுமதி ஆகாது. கட்டிய ரசீதை எடுத்து, தேதி, தொகை, எதற்காக என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு இறப்புத் தகவல் கொடுக்கும்போது இதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். தகவல் போனதும் கணக்கை நிறுத்தி வைப்பார்கள். வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு கேஸுக்கோ தொலைபேசிக்கோ இருந்தால் அதுவும் நிற்கும். அதனால்தான் வங்கிக்குச் சொல்லும் அதே வாரத்தில் இந்த நிறுவனங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். சிம் கார்டை மட்டும் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருங்கள். எந்தெந்த இடத்தில் அவருக்குக் கணக்கு இருந்தது என்பது வரும் எஸ்எம்எஸ்களில்தான் தெரியும்.

சொத்துப் பணம் கைக்கு வருவதற்கு முன் ஏதாவது கட்டியே ஆக வேண்டும் என்றால், உங்கள் சொந்தப் பணத்தில் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகச் செலவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டு. சொத்தைவிடக் கடன் அதிகமாக இருக்கும் என்று தெரிந்தால் மட்டும் இதையும் செய்யாதீர்கள். அப்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்று சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கும். அதை மீறிக் கொடுத்தால், கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

வரவு பக்கத்தையும் பாருங்கள். இணைப்பு வாங்கும்போது கட்டிய டெபாசிட், உத்தேச பில்லுக்குக் கூடுதலாகக் கட்டியது, முன்பணமாகக் கட்டி மிச்சமிருப்பது, மாடியில் சோலார் தகடு இருந்தால் வெளியே கொடுத்த மின்சாரத்துக்கான தொகை, இவையெல்லாம் அவர் சொத்து. கேட்காமல் தானாக வராது. அண்ணன் கட்டிய அந்த முந்தைய பில்லும் உத்தேச பில்லாக இருந்திருந்தால் அதிலேயே கூடுதல் போயிருக்கலாம்.

இணைப்பைத் துண்டித்துவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிலைக்கட்டணத்தைப் பார்த்ததும் தோன்றும். ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டை இடிக்கப் போவதில்லை என்றால் மின் இணைப்பை விட்டுவைப்பதே நல்லது என்பேன். மறுபடி வாங்க விண்ணப்பம், சோதனை, கட்டணம், காத்திருப்பு என்று அலைய வேண்டும். வீட்டைப் பார்க்க வருபவர்களுக்கு மோட்டார் ஓட்டிக் காட்டக்கூட முடியாது. குளிர் உறையும் ஊராக இருந்தால், சூடு இல்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடிக்கும். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் ஆளில்லாத வீட்டுக்கு என்ன நிபந்தனை என்று பாலிசியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கேஸ் இணைப்பு வேறு விஷயம். அதை நம்பி வீட்டின் வெப்பம் இல்லையென்றால், வால்வை மூடச் சொல்லிக் கணக்கை முடித்துவிடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரண்டாவது ரீடிங் எடுத்து முடித்ததும் ஃப்ரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்தபடி விடுங்கள், பூசணம் பிடிக்காது. ஹீட்டர் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை மீட்டரைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் உத்தேச பில் போட அவர்களுக்குக் காரணம் இருக்காது. திருத்திய பில் வந்ததும், முழுத் தொகையும் தீர்ந்தது என்று எழுத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, பங்கு பிரிக்கும் கணக்கோடு சேர்த்து வையுங்கள். அதற்குப் பிறகும் அதே 850 யூனிட்டைக் கேட்டு வசூல் ஏஜென்சி யாராவது கூப்பிட்டால், அந்தக் கடிதத்தையும் புகார் எண்ணையும் அனுப்பினால் போதும். அவர்களிடம் போனில் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.